யாரும் தொலைக்காத கோட்டு

அந்த வியாழக்கிழமை சக்கர நாற்காலி சமையலறை மேசைமேல் தலைகீழாகக் கிடந்தது. அடியில் பழைய செய்தித்தாள். கெரி முன்சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அச்சில் சுற்றியிருந்த முடியை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பெரில் கிரிம்ஷா சன்னலோரம் சாய்வு நாற்காலியில் டீக்கோப்பையோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

சக்கர நாற்காலி இருக்கிற வீட்டில் இது அடிக்கடி வருகிற வேலை. தரையில் கிடக்கிற முடி, நூல், நாய் ரோமம் எல்லாம் அந்தச் சின்னச் சக்கரத்தின் அச்சைத்தான் தேடிப் போகும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் நடுச்சாலையில் சக்கரம் அடம்பிடித்து நின்றுவிடும்.

"என்னடி, உள்ள ஒரு பூனையே இருக்கும்போலயே?"

"பாதி உன் முடி. மீதி பக்கத்து வீட்டு நாய்."

"என் முடி அவ்வளவு நரைக்கல. நாயோடதா இருக்கும், நல்லாப் பாரு."

கெரி நல்லாப் பார்த்தாள். நரைமுடிக்கு நடுவே கருநீலக் கம்பளி நூல் ஒன்று நீளமாக வந்தது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"அந்தக் கோட்டோடது" என்றார் பெரில். "கப்பல்ல வரும்போது சக்கரத்துல மாட்டி இழுத்துச்சே. பொத்தான் வாங்கி வச்சுட்டேன். திங்கக்கிழமை தைச்சிடறேன்."

"அக்டோபர்லேர்ந்து திங்கக்கிழமைங்கிற."

"எந்தத் திங்கக்கிழமைன்னு சொன்னேனா?"

கெரி சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஒரு சுண்டு சுண்டினாள். சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. பெரில் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம், ஓடலாம்" என்றார். மகள் வேலைபார்க்கும் இடத்தில் சொல்கிற சொல்லை எடுத்து மகளிடமே சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை அதுதான். அடுத்த வாரம் சளி நெஞ்சில் இறங்கியது. அதற்கடுத்த வாரம் பெரில் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் புதிதுபோல ஓடின. உட்காரத்தான் ஆளில்லை.

*

கெரி லிஃப்ட் பரிசோதகர். வட இங்கிலாந்தில், லாங்கஷயரின் ஆலைக் கட்டடங்கள், ஆஸ்பத்திரிகள், அடுக்குமாடிகள் எல்லாவற்றிலும் லிஃப்ட்டின் கயிறு, பிரேக், கதவு பார்த்து ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதுவது வேலை. வாயைத் திறந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

பெரில் அப்படியில்லை. பர்ன்லி ஊரின் மலைச்சரிவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் வேலையில் இருந்தவர். மஞ்சள் மேலங்கி, கையில் வட்டப் பலகை கட்டிய நீளக் கம்பு. அதைப் பார்த்துப் பிள்ளைகள் அவரை லாலிபாப் அம்மா என்றார்கள். அவர் ஒரு கையைத் தூக்கினால் நிலக்கரி லாரியும் நின்றது, பிண ஊர்வலமும் நின்றது. "ஓடாதீங்க, நடங்க" என்று அவர் போடுகிற சத்தம் கீழ்த்தெரு பேக்கரிவரை கேட்கும். எல்லாரும் அவருக்குக் கண்ணு. மேயரும் கண்ணு, தபால்காரரும் கண்ணு, ஒருமுறை அவரை இடித்துத் தள்ளப்பார்த்த வேன்காரனும் கண்ணு.

ஊர் கோடை விடுமுறைக்கு பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். குடும்பங்கள் ஒட்டுமொத்தமாக ராட்டினத்தில் ஏறும். கோட்டு, பை, தொப்பி, பாதி தின்ற சிப்ஸ் எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது? பெரிலிடம். ஒவ்வொரு கோடையும் அவர் கீழே நின்று கோட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, கெரிக்கும்.

பிறகு முதுகெலும்பில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். கட்டி போயிற்று, கால்களும் கூடவே போயின. நாற்காலி வந்த முதல் நாளே கெரி தன் கைப்பையை அதன் பிடியில் மாட்டினாள். கடைக்குப் போனால் பக்கத்து வீட்டு ஷீலா தன் உருளைக்கிழங்குப் பையை இன்னொரு பிடியில் மாட்டுவாள். பெரில் சொல்வார்: "முன்னாடி கையில பிடிச்சேன். இப்ப மாட்டறதுக்கு உடம்பு முழுக்க ஆணி அடிச்சுட்டாங்க."

போன வருஷம் வசந்தத்தில் அவர் திடீரென்று சொன்னார்.

"கெரி, நான் பயப்படணும்."

"எதுக்கு?"

"எதுக்காவது. நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து எல்லாரும் என்னைப் பஞ்சுல சுத்தி வச்சிருக்கீங்க. டீ சூடா இருக்குன்னு ஊதிக் கொடுக்கிறீங்க. நான் ஒரு ரோலர் கோஸ்டர்ல ஏறணும். என் கோட்ட வேற யாராவது பிடிக்கணும்."

"பிளாக்பூல் போலாம்."

"அங்க போனா தெரிஞ்சவங்க யாராவது கோட்டக் கொடுத்துருவாங்க. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத ஊரா இருக்கணும்."

கெரி தேடினாள். ஹல் துறைமுகத்தில் வேனோடு கப்பல் ஏறினால் மறுநாள் ஹாலந்து. அங்கே ஒரு தீம் பார்க்கில் பிசாசு ஆலை என்று மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் ரயில். செப்டம்பர் கடைசியில் கிளம்பினார்கள். பெரில் தன் பையில் டீத்தூள் பை, பிளாஸ்க், ஒரு பாட்டில் வினிகர் எடுத்துக்கொண்டார். டச்சுக்காரர்கள் சிப்ஸுக்கு வினிகர் இல்லாமல் மேயனீஸ் ஊற்றுவார்கள் என்று ஷீலா எச்சரித்திருந்தாள்.

*

தப்பு நடந்தது பூங்கா வாசலில், மாற்றுத்திறனாளிகளுக்கான பதிவு கவுன்ட்டரில்.

கவுன்ட்டர் உயரம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிலின் தொப்பி மட்டும் அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் மரைக்கே என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். கெரி பின்னால் குனிந்து பிளாஸ்கை நாற்காலிக்கு அடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களால நடக்க முடியுமா, மேடம்?"

"ஏதோ ஓடுது கண்ணு."

"படி ஏறுவீங்களா?"

"சமாளிச்சுக்குவேன். என்னை விடுங்க. எம்பொண்ணுக்குத்தான் முதுகு சரியில்ல. லிஃப்ட்டுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு ஒரே வலி. வெளிய சொல்லமாட்டா."

பர்ன்லிக்காரரிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், கழுத்துவரை கட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் தலைவலியைப் பற்றி விசாரிப்பார். கேட்டவர் அதை நம்பமாட்டார், சொன்னவரும் நம்பவேண்டும் என்று சொல்லவில்லை. டச்சுக்காரர்களிடம் இந்தச் சடங்கு கிடையாது. கேள்விக்குப் பதில், பதிலுக்குப் பதிவு.

கெரி நிமிர்ந்தபோது மரைக்கே அவள் கையில் ஆரஞ்சுப் பட்டையைக் கட்டி முடித்திருந்தாள். பெரிலின் கையில் பச்சைப் பட்டை. ஆரஞ்சு, மாற்றுத்திறனாளி. பச்சை, அவருடைய உதவியாளர்.

"இது மாறிப்போச்சு" என்றாள் கெரி.

மரைக்கே எழுந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்த பெரிலைப் பார்த்தாள்.

"நாற்காலி உங்க சொந்தமா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. எங்க வாடகை நாற்காலி எல்லாம் தீந்துபோச்சு. நீங்க சோர்ந்துட்டா அம்மாவ எழுந்திருக்கச் சொல்லி உக்காந்துக்கலாம்."

"நடக்க முடியாதவங்க அவங்கதான்."

"அவங்க முடியும்னு சொன்னாங்க."

"அது மரியாதைக்குச் சொன்னது."

மரைக்கே கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய திரையில் மரியாதைக்கு ஒரு கட்டம் இல்லை. "ஒருத்தர ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதிய முடியும். பட்டைய வெட்டினா செல்லாது. நாளைக்கு வந்தீங்கன்னா, உங்க நிலைமை மாறியிருந்தா மாத்திக்கலாம்."

மறுநாள் அவர்களுக்குத் திரும்புகிற கப்பல். கெரி வாயைத் திறந்தாள். பெரில் அவள் கையைப் பிடித்து இழுத்தார். பல வருஷங்களாகக் காணாத ஒரு களை அவர் முகத்தில்.

"விடுடி. எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

*

அன்று முழுக்க அந்தப் பூங்கா கெரியைக் கண்ணாடிப் பாத்திரம்போலக் கவனித்துக்கொண்டது.

கெரி இரண்டடி நடந்தால் யாராவது வந்து முழங்கையைப் பிடித்தார்கள். ஏரிக்கரையில் ஒரு காவலர் தன் நாற்காலியைக் கொடுத்து, அவள் உட்காரும்வரை நகரவில்லை. மாற்றுத்திறனாளிக் கழிப்பறையின் கதவு ஆரஞ்சுப் பட்டைக்குத்தான் திறந்தது. பெரிலுக்கு அவசரம் வந்தபோது கெரி பட்டையைக் காட்டித் திறந்தாள், வாசலில் இருந்தவர் பெரிலிடம் மிகுந்த பரிவோடு, "அவங்க முடிச்சப்புறம் கைகழுவ உதவி பண்ணுங்க" என்றார்.

"பண்றேன் கண்ணு" என்றார் பெரில். "சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு அதுல கவனம் போதாது."

மத்தியானம் சிப்ஸுக்கு வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மின்வண்டி வந்து நின்றது. ஆரஞ்சுப் பட்டைக்காரர் தூரமான இடங்களுக்கு நடக்கவேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். பிசாசு ஆலை பூங்காவின் மறுகோடியில்.

"சக்கர நாற்காலிய ஏத்த இடமில்லையே" என்றாள் கெரி.

"ஒரு சீட்டுதான், மேடம்" என்றார் வண்டிக்காரர். "உதவியாளர் பின்னாடி வந்துருவாங்க."

கெரி ஏற மறுத்தாள். வண்டிக்காரர் அவள் ஏறாமல் நகர மறுத்தார். தனக்கிட்ட பணி அதுதான் என்றார். கடைசியில் பெரில் சத்தம் போட்டார்: "ஏறித் தொலைடி! அவருக்கு வேற வேலை இருக்கும்." கெரி ஏறினாள். வண்டி ஊர்ந்தது. பின்னால் பெரில் இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கெரிக்காகத் தலையைச் சாய்த்து இரக்கப்பட்டார்கள். ஒரு கிழவர் பெரிலிடம், "நல்ல சேவை செய்யறீங்க" என்றார்.

"என்ன பண்றது, பெத்துட்டோம்" என்றார் பெரில்.

பிசாசு ஆலையின் வாசலில் ஆரஞ்சுக்குத் தனிவழி. வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிக்கொண்டு போகவேண்டும். இதுதான் பெரிலுக்கு அன்று உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. வரிசையைத் தாண்டுவது அவர் ஊரில் திருட்டுக்கு ஒரு படி கீழே. ஒவ்வொருவரிடமும் நின்று மன்னிப்புக் கேட்டார். "மன்னிச்சுக்கங்க கண்ணு, எம்பொண்ணுக்கு முடியல." ஒரு இத்தாலியக் குடும்பம் கெரியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டது.

*

ஏறும் மேடையில் யூஸ்ட் இருந்தார். ஐம்பது வயது, பெரிய தொந்தி, தொங்கு மீசை. அவருக்குப் பின்னால் பலகையில் நாலு மொழியில் விதி: சில அடியாவது நடக்க முடியாதவர் இதில் ஏறக்கூடாது. ஆரஞ்சுப் பட்டைக்காரர் தனியே ஏறக்கூடாது. அவசரத்தில் அவரைக் கீழே இறக்கக்கூடிய உதவியாளர் பக்கத்தில் உட்காரவேண்டும்.

யூஸ்ட் கெரியைக் கேட்டார்: "சில அடி நடப்பீங்களா?"

"நடப்பேன்."

பெரிலைக் கேட்டார்: "ஆபத்துன்னா இவங்கள இறக்கிருவீங்களா?"

"பொறந்தப்பவே இறக்கினவதான்."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

பெரில் கெரியைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார். உச்சியில் ரயில் கணநேரம் நின்று தலைகுப்புறப் பாய்ந்தது, மேலிருந்து ஒரு கூட்டமாக அலறல் விழுந்தது. பெரிலின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தின. கெரி ஒரு வாய்வார்த்தை உண்மை சொன்னால் போதும், இங்கேயே முடிந்துவிடும். அம்மா மறுபடியும் கீழே இருந்து கோட்டுப் பிடிப்பார். ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டார். பரவாயில்லை என்பார்.

ஆனால் விதி என்பது கெரிக்குச் சோறு. எத்தனையோ லிஃப்ட்டுகளைக் கிழவிகளின் கெஞ்சலையும் மீறி மூடியிருக்கிறாள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒருவர் விழுந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் யூஸ்ட்டைத் தள்ளி அழைத்துப்போனாள்.

"எங்க ரெண்டு பேர்ல யாருக்கு நடக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"எனக்குக் கண்ணு இருக்கு, மேடம்."

"அப்புறம் ஏன் அவங்கள விடறீங்க?"

"நான் பட்டையத்தான் பாக்கணும். ஆளப் பாத்து முடிவெடுத்த ஒருத்தர் இங்க இருந்தாரு. இப்ப இல்ல."

"ரயில் வழியில நின்னா எங்கெங்க நிக்கும்?"

"ஏத்தத்துல. இல்லன்னா கடைசி பிரேக்குல."

"ரெண்டு இடத்துலயும் பக்கவாட்டுல நடைபாதை உண்டா?"

"உண்டு."

"மயக்கம் போட்டவரை எப்படி இறக்குவீங்க?"

"தூக்கு நாற்காலி. நாலு பேர் பயிற்சி எடுத்தவங்க."

"கடைசியா எப்ப பழகினாங்க?"

"போன வாரம். என்னைத்தான் தூக்கினாங்க."

கெரி அவர் தொந்தியைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அதில் பாதிகூடத் தேறமாட்டார். மேடையின் விளிம்புவரை போய் நடைபாதையின் அகலம், கைப்பிடிக் கம்பி, போல்ட்டுகளின் துரு எல்லாம் பார்த்தாள். இருக்கையில் ஆளைப் பூட்டும் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள், பாவம், இந்தப் பெண்ணுக்குப் பயம் என்று பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தாள்.

"ஓடலாம்" என்றாள்.

மாற்றுத்திறனாளி குனிந்து, உதவியாளரை நாற்காலியிலிருந்து அலாக்காகத் தூக்கி, ரயிலின் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்து, அவர் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். யூஸ்ட் அந்த நேரம் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

*

தளர்வாக எதையும் கொண்டுபோகக்கூடாது என்று ஒலிபெருக்கி சொன்னது. பைகள் வைக்கிற அலமாரிக்கு அன்று வண்ணம் பூசியிருந்தார்கள், ஈரம். ரயிலில் ஏறியவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மேடையில் காலியான சக்கர நாற்காலி ஒன்று நின்றது. ஒரு பெண் தன் மழைக்கோட்டை அதன் பிடியில் மாட்டினார். அடுத்தவர் தன்னுடையதை அதன்மேல் போட்டார். பிறகு ஒரு கம்பளி மஃப்ளர், ஒரு முதுகுப்பை, இன்னும் கோட்டுகள்.

பெரில் ரயிலிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பாருடி! நான் இல்லாமலே பிடிக்குது!"

ரயில் கிளம்பியது. குளத்தோரம் வளைந்து ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்து, ஒரு குலுக்கலோடு நின்றது. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு காட்டு வாத்து உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வளர்ந்தும் வளராததுமாகக் குஞ்சுகள்.

"பயப்படாதீங்க" என்றது யூஸ்ட்டின் குரல். "வாத்து. அதத் தொட எங்களுக்கு அனுமதி இல்ல. பறவை அதிகாரிய வரச் சொல்லியிருக்கோம்."

காத்திருந்தார்கள். தூறல் போட்டது. யூஸ்ட்டின் குரல் மறுபடியும் வந்தது: "அதிகாரி நடந்து வர்றாங்க. வண்டி, ஆரஞ்சுப் பட்டைக்காரருக்காக வாசல்ல நிக்குது. அவங்க விடுவிச்சாத்தான் எடுக்க முடியும்."

"விடுவிக்கிறேன்!" என்று கெரி கத்தினாள்.

"கையெழுத்து வேணும், மேடம்" என்றது ஒலிபெருக்கி வருத்தத்தோடு.

பின்வரிசையில் யாரோ கெட்டவார்த்தை சொன்னார். எந்த மொழி என்று தெரியாவிட்டாலும் கெட்டவார்த்தை என்று தெரிந்தது. தாய்வாத்து கழுத்தை நீட்டிச் சீறியது.

பெரில் பூட்டுக்கம்பிக்கு மேல் நிமிர்ந்தார். வலது கையை நேராக முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தார், எதிரே லாரி வருவதுபோல. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"வாங்க கண்ணு, வாங்க. எல்லாம் நிக்குது. ஓடாம, நடந்து வாங்க."

வாத்து அவரைப் பார்த்தது. பர்ன்லியில் லாரி ஓட்டிகள் பார்த்த அதே பார்வை. எழுந்தது. உடம்பை ஆட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியது. குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் போயின. கடைசிக் குஞ்சு நடுவில் நின்று எதையோ கொத்தியது.

"ஏய், கடைசி. அப்புறம் தின்னுக்கலாம்."

அதுவும் போயிற்று. அவை குளத்துச் சரிவில் இறங்கும்வரை பெரில் கையை இறக்கவில்லை. பின்வரிசைகள் கைதட்டின. ரயில் ஏறத் தொடங்கியது.

உச்சியில் அவர் கெரியின் மணிக்கட்டை ஆரஞ்சுப் பட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பிறகு தரை காணாமல் போனது. கெரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா, பள்ளிக்கூடம் முழுவதையும் நிறுத்துகிற குரலில், ரயிலைப் பார்த்துக் கத்தினார்:

"ஓடாதே! நட! நடன்னு சொல்றேன்ல!"

கீழே வந்து நின்றபோது பெரிலின் தொப்பி இல்லை. தலைமுடி எட்டுத் திசையிலும் நின்றது. மூச்சு வாங்கியது.

"பயந்தியா?" என்றாள் கெரி.

"உயிரே போயிருச்சுடி" என்றார் பெரில். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி கெரி கேட்டதில்லை.

*

மேடையில் இறங்கியவர்கள் நாற்காலியிலிருந்து தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். வெளியே தூறல் மழையாகியிருந்தது. வாசலில் புகைப்படம் வாங்கினார்கள். படத்தில் கெரி புளி தின்றவள்போல இருந்தாள். பெரில் வாயைத் திறந்து ஒரு கையைத் தடுக்கிறமாதிரி நீட்டியிருந்தார். வேனுக்குப் போகிறவரை பெரிலின் முழங்கால்மேல் ஒரு கனமான கருநீலக் கோட்டு கிடந்தது. கெரியுடையது என்று பெரில் நினைத்தார். அம்மாவுடையதை யாரோ எடுத்துப் போர்த்திவிட்டார்கள் என்று கெரி நினைத்தாள்.

மறுநாள் கப்பலில் அது சக்கரத்தில் மாட்டிக் கிழிபட்டபோதுதான் பேச்சு வந்தது.

"உன் கோட்டு பாழாப்போச்சுடி."

"என்னுது இல்லையே."

கோட்டு ஆண் கோட்டு. ஒரு பொத்தான் இல்லை. பையில் காகிதத்தில் சுற்றிய டச்சுக் கறுப்பு மிட்டாய். பெரில் ஒன்றை வாயில் போட்டுவிட்டுத் துப்பினார். உப்பு. ஊர் போய்ச் சேரும்வரை கோட்டை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவருடைய கோட்டு அவரிடம் தங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும் பூங்காவுக்குத் தொலைபேசினார். தொலைந்த பொருள் பிரிவில் மிகவும் பொறுமையான ஒருவர்.

"உங்க கோட்டு தொலைஞ்சுதா, மேடம்?"

"என்னோடது இல்ல கண்ணு. வேற ஒருத்தரோடது. எங்கிட்ட இருக்கு."

"அப்படின்னா அது தொலையல."

"அவருக்குத் தொலைஞ்சிருக்கு."

"அவரு சொல்லலையே. கருநீலக் கோட்டு தொலைஞ்சதா யாரும் சொல்லல. தொலையாத கோட்ட நாங்க வாங்கிக்க முடியாது."

"தபால்ல அனுப்பட்டுமா?"

"அனுப்பினா, உங்க கோட்டு இங்க தொலைஞ்சதாத்தான் பதிவாகும். அப்புறம் உங்களுக்கே திருப்பி அனுப்பிருவோம்."

பெரில் நன்றி சொல்லி வைத்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புகைப்படத்தின் பின்வரிசைகளை ஆராய்ந்தார். கடைசி வரிசையில் ஒரு வழுக்கைத் தலை, அகலத் தோள், திறந்த வாய். பற்கள் மட்டும் தெளிவு.

"இவருதான். இந்தத் தோளுக்குத்தான் இந்தக் கோட்டு."

"அம்மா, ஒரு வருஷத்துக்கு அங்க லட்சக்கணக்குல வருவாங்க."

"கோட்ட விட்டவன் விட்ட இடத்துக்கு ஒரு தடவையாவது வந்து பாப்பான். மே மாசம் பூங்கா திறக்கும்போது போறோம். இறங்கற மேடையில நான் கோட்டோட நிக்கறேன். கோட்டுன்னா கையில கொடுக்கணும். தபால்பெட்டிக்கா கொடுப்பாங்க?"

"நிக்கற?"

"உக்காந்துகிட்டு நிக்கறேன். ரொம்பப் பேசாத. அதுக்குள்ள கிழிசலையும் பொத்தானையும் தைக்கணும். குறையோட ஒருத்தர் பொருளத் திருப்பிக் கொடுக்கறது அழகா?"

கிழிசலை அக்டோபரில் தைத்தார். சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கி அதே நிறத்தில், அதே நான்கு ஓட்டையோடு பொத்தான் வாங்கினார். மே மாதத்துக்குக் கப்பலில் இடம் பிடிக்கச் சொன்னார். கெரி பிடித்தாள். ஒரு வேன், இரண்டு பேர், ஒரு சக்கர நாற்காலி.

*

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார்கள். சாலை கடந்த பிள்ளைகளில் பலர் இப்போது தொந்தியும் நரையுமாக வந்திருந்தார்கள். வீடு சின்னது. நடையில் கோட்டு மாட்டும் ஆணிகள் நிறைந்துவிட்டன. ஷீலா முதலில் தன் கோட்டைச் சக்கர நாற்காலியின் பிடியில் மாட்டினாள், யோசிக்காமல். பிறகு வந்தவர்களும் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியே தெரியவில்லை. கெரி சமையலறை வாசலில் தட்டோடு நின்று அதைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒவ்வொருவராகத் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். யாருடையதும் மாறவில்லை, தொலையவில்லை. ஷீலா கடைசி. போகும்போது, அடியில் கிடந்த கருநீலக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாருதுடி? விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. அவரு இன்னும் வரல."

ஷீலா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கெரி கோட்டை எடுத்தாள். வலப்பைக்குள் கடை அட்டையில் குத்திய பொத்தான். காலரின் உள்பக்கம் ஊசி குத்தியிருந்தது. கருநீல நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, தயாராக இருந்தது.